துரட்டி பிடித்த சோணையார்

சிவகங்கைச் சீமையில் ஓடைக்குறிச்சி என்னும் சிற்றூரில் ஆடு மேய்த்துப் பிழைத்தவர் சோணையார். சொந்தமாக ஓர் ஆடும் கிடையாது. ஊரார் ஆடுகளைப் பத்திக்கொண்டு போய்ப் பொழுது சாயக் கொண்டுவந்து விடுவார். அதற்கு அவருக்குக் கம்பங்கூழ் கிடைக்கும். கையில் எப்போதும் ஒரு துரட்டி இருக்கும். நுனியில் அரிவாள் கட்டிய அந்த நீண்ட கழியால் வேலமரத்துக் கிளையை இழுத்து ஆடுகளுக்குத் தழை போடுவார். பிறகு ஊருக்கு மேற்கே இருந்த சிவன் கோயிலுக்குப் போவார்.

கோயில் என்று சொல்வது மரியாதைக்குத்தான். கட்டியவர் யாரென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கதவு போய்விட்டது, குருக்கள் வருவது நின்று இரண்டு தலைமுறை ஆயிற்று. கருவறையில் ஈசர் மட்டும் தனியாக இருந்தார். சோணையாருக்கு மந்திரம் எதுவும் வராது. விமானத்துக் கல்லிடுக்கில் முளைக்கும் அரசங்கன்றுகளைத் துரட்டியால் வேரோடு இழுத்துப் போடுவார், அதுதான் அவர் செய்த பூசை. வேர் விட்டால் கல் பிளக்கும், கல் பிளந்தால் சாமி நனைவார், அவ்வளவே அவர் அறிந்த சாத்திரம். சாமிக்கு முடி வெட்டப் போகிறாயா என்று ஊரார் கேலி பேசினார்கள். அவரும் சிரித்துக்கொண்டே போவார். இருபது வருடம் ஒரு கன்றையும் விட்டுவைக்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் பாறையில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். எழுந்து நடமாட இரண்டு வருடம் ஆயிற்று. அதற்குள் விமானத்தின் கழுத்தில் ஓர் அரசு ஆள் உயரம் வளர்ந்துவிட்டது. கோயில்மேல் தானாக முளைத்த மரம் தெய்வச் செயல் என்று யாரோ சொல்ல, ஊர்த் தலைவரான அம்பலக்காரரின் மனைவி மெய்யாத்தாள் ஆளை ஏற்றி அதில் மஞ்சள் துணியால் தொட்டில் கட்டி வேண்டிக்கொண்டாள். பத்து வருடம் வராத பிள்ளை அவளுக்குப் பிறந்தது. ஊரே மரத்தைக் கும்பிட ஆரம்பித்தது. உள்ளே இருந்தவரை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சோணையார் நொண்டிக்கொண்டு துரட்டியோடு வந்து நின்றபோது, மெய்யாத்தாள் கைக்குழந்தையோடு ஓடிவந்து அவர் காலில் விழுந்தாள்.

"வேணாம்ணே. அதை அறுத்தா எம்புள்ளை தங்காது."

அறியாமை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம். பெற்றவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. துரட்டியைக் கீழே போட்டார். உள்ளே போய் ஈசர் முன் விழுந்து அழுதார்.

"ஒன் கூரையை நாந்தேன் விட்டுக்குடுத்தேன், சாமி. எது விழுந்தாலும் மொதல்ல எம்மேல விழட்டும்."

மூன்றாம் வயதில் அந்தக் குழந்தை வாந்திபேதியில் இறந்துபோயிற்று. வெட்ட வந்தவன் கண்பட்டுத்தான் போயிற்று என்று ஊர் பேசியது. ஆடுகளை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள், கூழும் நின்றது. எதிரே வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மெய்யாத்தாள் மட்டும் ஒரு நாள் வந்தாள். அழுது ஓய்ந்துபோயிருந்தாள். மரத்தை வெட்டிவிடச் சொன்னாள்.

"இனிமே ஆகாது தாயி," என்றார் சோணையார். "வேரு உள்ள எறங்கிருச்சு. இப்பக் கல்லைப் புடிச்சு நிக்கிறதே அந்த வேருதேன்."

அதன் பிறகு அவர் கோயிலிலேயே தங்கிவிட்டார். அயலூர்களில் இரந்து உண்டார். மழை பெய்தால் ஈசருக்கு மேலே தம் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். விரிசல் வருடத்துக்கு வருடம் அகன்றது. அதைத் தடுக்க அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. செய்ய முடியாது என்று தெரிந்தும் அவர் அகலவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஓர் ஐப்பசியில் ஏழு நாள் அடைமழை. வெளியே வந்துவிடும்படி மெய்யாத்தாள் ஆள் அனுப்பினாள். சாமி வர முடியாதே என்று மறுத்துவிட்டார். ஏழாம் நாள் நடுப்பகலில் கூரை இறங்கியது.

மழை விட்டபின் கல்லைப் புரட்டினார்கள். சோணையார் ஈசரை இரு கைகளாலும் அணைத்தபடி கிடந்தார். முதுகு நொறுங்கி உயிர் போயிருந்தது. ஈசர்மேல் ஒரு கீறலும் இல்லை. ஆனால் நேராக நின்ற ஈசர், அடியாரின் நெஞ்சுப் பக்கமாகச் சாய்ந்திருந்தார். அடியாரை எடுத்து அடக்கம் செய்துவிட்டு, நான்கு பேர் கடப்பாரை போட்டு ஈசரை நிமிர்த்திப் பார்த்தார்கள். அசையவில்லை. இன்னும் ஆள் கூப்பிட்ட அம்பலக்காரரை மெய்யாத்தாள் தடுத்தாள்.

"விட்ருங்க. நம்மள்ல ஒருத்தரும் அண்ணனைத் தாங்கல. சாமியாச்சும் தாங்கட்டும்."

இன்று அங்கே ஒரு பலகை நிற்கிறது. சாய்ந்த லிங்கம், காலம் தெரியவில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. சோணையார் பெயர் இல்லை. ஊரில் விசாரித்தாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். இருபது வருடம் காத்த கூரையை ஒரு பிள்ளைக்காக விட்டுக்கொடுத்து, அந்தப் பிள்ளையும் பிழைக்காததைக் கண்டவர் அவர். ஈசர் மட்டும் இன்னும் நிமிரவில்லை. ஈசரிடம் அப்படி ஓர் அன்பைப் பெற்ற சோணையாருக்கு நம் கும்பிடு.