கல்யாண வண்டியின் கரும்புகை

கோபமாக இருக்கிற ஆளின் கையில் ஸ்பேனரைக் கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? கொடுக்காதீர்கள். நாகமணி ஒரு நாள் கொடுத்தாள். என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து உடுமலை போகிற ரோட்டில் நாகமணிக்கு ஒரு ஒர்க்‌ஷாப். பழைய பெட்ரோல் கார்களை மட்டும்தான் பார்ப்பாள். வயது முப்பத்தைந்து இருக்கும். அவளிடம் தொழில் கற்க வந்த ஆறுச்சாமிக்கு ஐம்பது. அதுவரை டிராக்டர் பார்த்தவர். குருவுக்கும் சிஷ்யருக்கும் வயசுதான் தலைகீழ், மற்றதெல்லாம் முறைப்படி. அவர் அவளை மேஸ்திரி என்பார். அவள் அவரை அண்ணா என்பாள்.

அன்றைக்கு ஷெட்டில் நின்றது ஆறுச்சாமியின் சொந்தக் கார். அவர் அப்பா வாங்கியது. அந்த வீட்டுப் பெண்கள் எல்லோரும் கல்யாண மண்டபத்துக்கு அந்த வண்டியில்தான் போவார்கள். வீட்டுக்கு மூத்தவர்தான் ஓட்ட வேண்டும். மறுநாள் விடியற்காலையில் போகப் போகிற மணப்பெண் தம்பி திருமூர்த்தியின் மகள் பிருந்தா. ஓட்ட வேண்டியவர் ஆறுச்சாமி.

வண்டியோ கரும்புகையாகக் கக்கியது. பின்னால் நின்றால் வெள்ளைச் சட்டை அடுப்புக்கரித் துணி ஆகிவிடும்.

"அவன்தான் செஞ்சான்" என்றார் ஆறுச்சாமி.

"யாருங்ணா?"

"எந்தம்பி. சாமிக்கு மொதப் பத்திரிகை வைக்கோணும், வண்டியைக் குடுன்னான். குடுத்தேன். திரும்பி வந்ததுல இருந்து புகை. வீட்டு ஷெட்டுல தள்ளிப் பூட்டுனவன் இன்னைக்குத்தான் எடுக்கறேன்."

"அவரு ஏனுங்க வண்டியைக் கெடுக்கோணும்?"

"டவுன்ல புதுக் கார் ஒண்ணை வாடகைக்குப் பேசி வெச்சிருக்கானாம். ஊரே சொல்லுது. எங்கப்பன் வண்டி அவனுக்கு அசிங்கமாப் போச்சு. மூஞ்சிக்கு நேரா சொல்ல வாயில்லாம கார்ப்பரேட்டர்ல கைய வெச்சுட்டான்."

"வெச்சதைப் பாத்தீங்களா?"

"பாக்க வேற வேணுமா? நான் கல்யாணத்துக்குப் போகப் போறதில்ல."

"போகாதவருக்கு வண்டி எதுக்குங்ணா?"

"சரி பண்ணி மண்டபத்து வாசல்ல கொண்டு போய் நிறுத்துவேன். சாவியை அவன் கையில குடுத்துட்டு, ஒறம்பரை சனமெல்லாம் பாக்க நடந்தே வீட்டுக்கு வந்துருவேன். அவன் தலை குனியோணும்!"

நாகமணி ஸ்பேனரை நீட்டினாள். "சரி. பாருங்க."

ஆறுச்சாமி பானெட்டைத் திறந்தார். பிளக்கைக் கழற்றினார். கரியில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. "பெட்ரோலைக் கொட்டுது பாருங்க. தின்னி!" என்று வண்டியைத் திட்டினார். காற்றை வடிகட்டுகிற கருப்பு டப்பாவை மட்டும் பதமாகக் கழற்றி, சுத்தமான சாக்கின்மேல் தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போல ஓரமாக வைத்தார். பிறகு பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற கார்ப்பரேட்டரைப் பிடித்தார். பெட்ரோல் வருகிற ஜெட்டைச் சின்னதாக மாற்றினார். டப்பாவைத் திரும்ப மாட்டி ஸ்டார்ட் செய்தார். புகை.

திரும்பவும் கழற்றினார். உள்ளே மிதக்கிற பித்தளை மிதவையின் நாக்கை வளைத்து, பெட்ரோல் நிற்கிற மட்டத்தை இறக்கினார். டப்பாவை மாட்டினார். புகை.

ஸ்க்ரூவை இறுக்கினார். "இப்பக் குடி பாக்கலாம்!" புகை. அதோடு இப்போது வண்டிக்கு இழுக்கவும் தெம்பு இல்லை. ஆறுச்சாமி ஸ்பேனரை விட்டெறிந்தார். தகரச் சுவரில் பட்ட சத்தத்தில் ஓரத்தில் நின்ற இன்னொரு காருக்கு அடியில் படுத்திருந்த நாய் ரோட்டுக்கே ஓடிவிட்டது.

நாகமணி டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. திருமூர்த்தி. கல்யாண வேலையில் கசங்கிய சட்டை, கையில் காப்புக் கயிறு.

"அண்ணா, ஒரு பேச்சு..."

"பேசாத!"

"அதில்லண்ணா, நான் வந்தது..."

"நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியும்டா."

"பிருந்தா உங்ககிட்ட..."

"புள்ளை பேரைச் சொல்லி மயக்கப் பாக்காத! வெளிய நில்லு!"

திருமூர்த்தி வெளியே போனான். ஆனால் ஸ்கூட்டரை எடுக்கவில்லை. வாசலிலேயே வெயிலில் நின்றான்.

நாகமணி டம்ளரைக் கீழே வைத்தாள். "வண்டி என்னுங்ணா சொல்லுது?"

"பெட்ரோலைக் கொட்டுது மேஸ்திரி. எவ்வளவு குறைச்சாலும் கொட்டுது."

"இன்னும் குறைங்க."

"குறைச்சா நின்னு போகுது!"

"அப்பறம்?"

"கார்ப்பரேட்டரே போச்சு. அவன் தொலைச்சுட்டான். எத்தனை நாள் வஞ்சமோ!"

நாகமணி எழுந்து வந்தாள். கருப்பு டப்பாவைத் தன் கையால் கழற்றினாள். "ஸ்டார்ட் பண்ணுங்க."

"இது இல்லாமயா?" ஆறுச்சாமி பதறிவிட்டார். "நார் தூசி பூராம் உள்ள போயிரும் மேஸ்திரி! ஒரு நாளும் நான் அப்படி ஓட்டுனதில்ல."

"கொஞ்ச நேரந்தானுங்க."

மனசில்லாமல் சாவியைத் திருப்பினார். இன்ஜின் பிடித்தது. பசித்த குழந்தை போலத் தேம்பியது, இருமியது. ஆனால் பின்னால் ஒரு நூல் புகை இல்லை.

ஆறுச்சாமி இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தார். நாகமணி டப்பாவைத் திரும்ப வைத்தாள். குபுக்கென்று புகை அவர் முகத்திலேயே அடித்தது. எடுத்தாள். புகை நின்றது. இன்ஜினை அணைத்துவிட்டு, டப்பாவைக் கவிழ்த்து அவர் கையில் கொடுத்தாள்.

காற்று நுழைகிற மூக்கின்மேல் கிளிப் போட்டு இறுக்கி ஒரு துணி. வறட்டி போலக் காய்ந்து கெட்டியாகி இருந்தது. விரலால் தட்டினால் சத்தம் வந்தது.

"இதை யாருங்ணா கட்டுனது?"

ஆறுச்சாமி துணியின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"நான்தான்" என்றார். "எங்க தோட்டத்துக்கு அக்கட்ட தேங்காய் நார் மில்லு வந்துச்சுங்க. எந்நேரமும் தூசி. உள்ள ஒரு பொட்டு போகக் கூடாதுன்னு என் வேட்டியைக் கிழிச்சு ரெண்டு மடிப்பாக் கட்டுனேன்."

"நல்லாக் கட்டியிருக்கீங்க. ஒண்ணுமே உள்ள போகல."

அவர் முகம் சிவந்தது. அதோடு முடிந்திருந்தால் நான் இதைச் சொல்லவே வந்திருக்க மாட்டேன். அவர் வாசல் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா! வண்டியைக் கழுவுனியா?"

"கழுவுனேன்ணா. சாமி முன்னால நிறுத்தற வண்டியாச்சேன்னு, பானெட்டையும் தொறந்து பைப்புல தண்ணி பீய்ச்சி..."

"பாத்தீங்களா மேஸ்திரி! நான் கட்டுன வரைக்கும் ஓடிட்டுத்தான இருந்துச்சு? தண்ணியை விட்டு ஊற வெச்சு, தூசியும் துணியும் ஒண்ணா இறுகுனது அவனாலதான்! நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"அப்ப அவன்தான!"

"துணியை அறுங்கண்ணா."

அறுத்தார். டப்பாவை மாட்டி ஸ்டார்ட் செய்தார். வண்டி ரெண்டு தரம் இருமிவிட்டு அப்படியே நின்றுபோனது. ஆறுச்சாமி ஸ்டியரிங்கைக் குத்தினார்.

"இப்ப என்ன கேடு இதுக்கு?"

"காலையில இருந்து குறைச்சீங்களே, அதையெல்லாம் திருப்பி வைங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

வைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் வைத்தார். பழைய ஜெட்டைத் தேடி எடுத்து மாட்டினார், வளைத்த நாக்கை நிமிர்த்தினார், இறுக்கின ஸ்க்ரூவைத் தளர்த்தினார். ஒவ்வொன்றுக்கும் தம்பிக்கு ஒரு வசவு. தம்பி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

இப்போது இன்ஜின் ஒரே சீராக ஓடியது. நாகமணி ஒரு வெள்ளைத் துணியைப் பின்னால் பிடித்துப் பார்த்தாள். கறை படவில்லை.

ஆறுச்சாமி சிரிக்கவில்லை. வண்டி சரியாகிவிட்டது, கோபம் அப்படியே இருந்தது. சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராக முன்னால் பார்த்தார்.

திருமூர்த்தி உள்ளே வந்தான். கார் ஜன்னல் விளிம்பை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "அண்ணா, நாளைக்கு..."

ஆறுச்சாமி ஆக்சிலேட்டரை மிதித்தார். வண்டி உறுமியது. தம்பியின் உதடு மட்டும் அசைந்தது.

அவன் நிறுத்திவிட்டு, சத்தம் தணிந்ததும் முதலிலிருந்து தொடங்கினான். ஆறுச்சாமி மறுபடி மிதித்தார். இந்தத் தடவை காலை எடுக்கவில்லை. தகரக் கூரை கடகடவென்று ஆடியது. திருமூர்த்தியும் நிறுத்தவில்லை. கழுத்து நரம்பு புடைக்க என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தான்.

நாகமணி கைக்கரியைத் துடைத்தபடி அந்தப் பக்கத்து ஜன்னலுக்கு வந்து குனிந்தாள்.

"அண்ணா" என்றாள். "இன்ஜினைக் கொஞ்சம் அணைங்க. உங்க தம்பி என்னமோ சொல்றாரு. எனக்குக் கேக்க மாட்டேங்குது."