குப்புற விழுந்த சேதி

காந்திமதி அம்மையின் மடத்துக்கு அன்று காலை அம்பலவாணன் ஒரு தூக்குச்சட்டியோடு வந்தார். அவர் அம்மையின் சீடர். ஆனால் வயதில் குருவுக்கு மூத்தவர். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவருக்கு ஒரு பெண் பிறந்திருந்தாள்.

"கொழுக்கட்டை, அம்மா. உமையாள் குப்புற விழுந்துட்டா."

பிள்ளை முதன்முதலாகக் குப்புற விழுந்தால் கொழுக்கட்டை அவித்துத் தெருவெல்லாம் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். அம்மை சட்டியை வாங்கவில்லை.

"போன வாரம் தூக்கிட்டு வந்தீங்களே, கழுத்தே நிக்கலையே?"

"அவளுக்கு ஆறாம் மாசம் நடக்குதில்ல, அம்மா. பலம் வந்திருக்கும்."

"விழுந்ததை யார் பார்த்தது?"

"நான்தான்."

அம்மை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். மனுஷர் பொலபொலவென்று அழுதுவிட்டார்.

"நான்தான் புரட்டிவிட்டேன், அம்மா. எதிர்வீட்டுப் பிள்ளை இவளுக்கு அப்புறம் பொறந்தது. அது நெஞ்சால நகருது. கடைக்குப் போனாலும் 'எப்பய்யா கொழுக்கட்டை?'ன்னு கேட்கிறாங்க. ஊர் வாயை மூட உலைமூடி இல்லைம்பாங்க. நான் கொழுக்கட்டையை வச்சு மூடப் பார்த்தேன்."

"சௌந்தரத்துக்குத் தெரியுமா?"

சௌந்தரம் அவர் மனைவி.

"தெரியாது. 'நெசமாவா, நீங்க பார்த்தீங்களா?'ன்னு கேட்டுக் கேட்டு அழுதா. எத்தனையோ நாளைக்கு அப்புறம் அவ சிரிச்சு நேத்துத்தான் பார்த்தேன். அந்த முகத்துக்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

"குழந்தை இப்போ எங்கே?"

"வீட்டுல. இனிமே தலையையும் தூக்கிடுவான்னு சௌந்தரம் பாயில குப்புறப் போட்டு..."

சொல்லி முடிக்கவில்லை. அம்மை எழுந்து ஓடினார். அதிர்ந்து நடந்துகூட அவரை யாரும் பார்த்ததில்லை. அன்று தெருவே பார்க்க, செருப்பில்லாமல் ஓடினார். அம்பலவாணன் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினார்.

கூடத்தில் யாருமில்லை. பாயில் விரித்திருந்த பழம்புடவையில் முகம் புதைந்து கிடந்தது குழந்தை. கையும் அசையவில்லை, காலும் அசையவில்லை. அம்மை வாரி எடுத்துத் திருப்பினார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஐயோ, என் தாயீ!" என்று அம்பலவாணன் தலையில் அடித்துக்கொண்டார்.

அம்மை குழந்தையின் முதுகைத் தேய்த்தார், வாயில் ஊதினார், மறுபடி தேய்த்தார். பாவி உயிர், போவதா இருப்பதா என்று யோசித்தது. கடைசியில் ஒரு இழுப்பு இழுத்து, ஈனஸ்வரத்தில் அழுதது.

சத்தம் கேட்டு அடுக்களையிலிருந்து சௌந்தரம் மாவுக் கையோடு ஓடிவந்தாள். இன்னும் இரண்டு வீட்டுக்குக் கொடுக்க வேண்டியிருந்ததாம்.

"இப்பத்தானே போட்டேன்! குப்புற விழத் தெரிஞ்ச பிள்ளைக்குத் திரும்பத் தெரியாதா?" என்றாள்.

அவள் புருஷனின் முகத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, அவளா விழுந்ததை நீங்க பார்த்தீங்கதானே?"

அம்பலவாணன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அம்மையின் மடியில் கிடந்த குழந்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அதன் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. அம்மை கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார்.

"இன்னிக்கே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார்.

"போறேன், அம்மா. ஆனா நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இவ கழுத்து எப்போ நிக்கும்? நிக்குமா, நிக்காதா?"

அம்மை குழந்தையைச் சௌந்தரத்தின் கையில் கொடுத்தார். கழுத்துக்கு அடியில் அவள் கையைச் சரியாக வைத்துவிட்டார்.

"எனக்குத் தெரியாததை நீங்க கேட்கிறீங்க. உங்களுக்குத் தெரிஞ்சதை அவ கேட்டுக்கிட்டு நிக்கிறா."