பன்னிரண்டு குரோஸ் குடை

சித்திரை வெயில்ல லாரி நெறையக் குடை வந்து நின்னா யாரு சிரிக்க மாட்டா? முதலாளி கேட்டது பன்னிரண்டு டஜன். எங்க குடோன் கணக்கப்பிள்ளை சொரிமுத்து அண்ணாச்சி எழுதிப் போட்டது பன்னிரண்டு குரோஸ். ஒரு குரோஸுன்னா பன்னிரண்டு டஜன்! நாங்க எறக்கி எறக்கி இடுப்பு ஒடிஞ்சுது. கதவு மூடல. முதலாளி வந்து பாத்தா அண்ணாச்சிக்கு வேலை போயிரும். மனுசன் அசருவாரா? குடைக்கட்டு மேல ஏறி உக்காந்துட்டாரு.

"தப்புன்னா நெனைக்கிய? இது கணிப்புவே! சனங்களுக்கு என்ன வேணும்னு அவங்களுக்கு முன்ன எனக்குத் தெரியும். கீழத்தெருவுல பொண்ணு பாக்க வந்தாங்கள்லா? மாப்பிள்ளை பஜ்ஜியைக் கடிக்கும்போதே பால்பாட்டில் ரெண்டுன்னு ஆர்டர் எழுதிட்டேன். இரட்டைப் பிள்ளை!"

"அந்தச் சம்பந்தம்தான் முடியலையே,"ன்னேன்.

"சம்பந்தம் முடியல. பாட்டில் வித்துச்சுல்லா?"

அண்ணாச்சி கட்டு மேலயே நல்லாச் சம்மணம் போட்டுக்கிட்டாரு.

"இருப்பும் அப்படித்தான். ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது. இந்தக் குடோன்ல எலி பதினாலுதான். ஒண்ணு புதுசாப் பொறந்தா, பழசு ஒண்ணு தானா அரிசிக்கடைக்கு மாறிப் போயிரும்."

கூட மூட்டை தூக்குற இசக்கி விடல. "எட்டுக் குட்டி போட்டா?"

"எட்டு போவும். வரிசையா. நாந்தான் கேட் பாஸ் எழுதிக் குடுத்தேன்."

சிரிப்பு அடங்கல, அண்ணாச்சி வானத்துக்கே ஏறிட்டாரு.

"ஐப்பசியில மேகம் நேரா நம்ம கூரைக்குத்தான் வரும். 'அண்ணாச்சி, குடை எத்தன இருக்கு?'ன்னு கேக்கும். நூறுன்னா தூறல். எரநூறுன்னா மழை. இல்லன்னா பேசாமத் திரும்பிரும்."

"இந்த வருசம் கேட்டுச்சா?"

கேட்டது முதலாளி. எப்ப வந்து பின்னால நின்னாரோ! நான் சட்டுன்னு ஒரு கட்டைத் தூக்கித் தோள்ல வெச்சுக்கிட்டேன். அண்ணாச்சி எறங்கக்கூட இல்ல.

"போன வாரமே கேட்டுச்சு முதலாளி. சரக்கு வரட்டும்னு நாந்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்."

முதலாளி கட்டுல இருந்து ஒரு குடையை உருவி அவரு கையில குடுத்தாரு.

"சரக்கு வந்தாச்சு. பெய்யச் சொல்லும். பெஞ்ச பொறவு உள்ள வந்தாப் போதும்."

மூணு நாளா அண்ணாச்சி வாசல்ல குடையோட நிக்காரு. பாவமாத்தான் இருக்கு. இன்னைக்கு டீ கொண்டு போய்க் குடுத்து, "என்ன அண்ணாச்சி, மழை வருமா?"ன்னேன்.

அண்ணாச்சி முகத்துல மொதத் தடவையா ஒரு பயம்.

"மேகத்துக்கு ஆர்டர் அன்னைக்கே போட்டாச்சுவே. டஜன்னு எழுதினேனா, குரோஸுன்னு எழுதினேனான்னுதான் ஞாபகம் இல்ல."