பழைய கணினிக்குப் பணி நீட்டிப்பு

பித்தளைச் சொம்பு ஒன்று படிக்கட்டில் உருண்டு இறங்குவதுபோல் ஒரு சிரிப்பு. பதினெட்டு வருடங்களுக்கு முன்பு, மகளின் கல்யாணத்தில், சம்பந்தி வேட்டி தடுக்கி மோர்த் தவலைக்குள் உட்கார்ந்தபோது சதாசிவத்தின் மனைவி கோமளவல்லி அப்படித்தான் சிரித்தாள். அவள் போய்விட்டாள். சிரிப்பு மட்டும் கல்யாண வீடியோவில், இரண்டு மணி நாற்பதாவது நிமிடத்தில் இருந்தது.

அந்த வீடியோ இருந்ததோ, ஆனைக்குப்பம் ஓய்வுபெற்ற எழுத்தர்கள் சங்கத்தின் பழைய கணினியில். சங்கத்தில் சதாசிவத்தோடு சேர்த்து நாலே பேர். நால்வரும் முப்பது வருடம் அரசாங்கக் கோப்பு புரட்டியவர்கள். யார் வீட்டு விசேஷமானாலும் அதில் ஏற்றிவைப்பார்கள். அதிலிருந்த மென்பொருள் எல்லாவற்றையும் பெயர்வாரியாக அடுக்கி, கேட்டதைத் தொலைக்காட்சியில் காட்டும்.

ஒருநாள் தலைவர் பிச்சாண்டி கட்டைவிரல் அளவில் ஒரு கருவி வாங்கிவந்தார். டிவியின் முதுகில் செருகினால் உலகத்துப் படமெல்லாம் இணையம் வழியாக வந்து கொட்டுமாம். அதைப் பொருத்த வந்த பெண் தெளிவாகச் சொன்னாள்.

"பழைய கணினியில இருக்கிறதும் இது வழியா வரும் சார். அது சூடாகாம பார்த்துக்கங்க. ரிமோட் அடுத்த அறையிலேர்ந்து அழுத்தினாலும் வேலை செய்யும். மணிக்கொருதரம் 'இன்னும் பார்க்கிறீர்களா?'ன்னு டிவி கேட்கும். பதில் சொல்லலைன்னா அணைஞ்சிடும்."

நால்வரும் குறித்துக்கொண்டார்கள்.

அவள் போனதும் பிச்சாண்டி தொண்டையைச் செருமினார். "வெளியிலேர்ந்தே இவ்வளவு படம் வரும்போது பழசுக்கு இங்கே என்ன வேலை? வேலை இல்லாதவனுக்கு நாற்காலி எதுக்கு? வெள்ளிக்கிழமை பழைய சாமான்காரர் வர்றார்."

சதாசிவம் கணினிக்கு முன்னால் போய் நின்றார். "என் வீட்டுக் கல்யாணம் அதுல மட்டும்தாங்க இருக்கு. போறதுக்குள்ள ஒருதரம் பார்த்துடறேன்."

"தாராளமா. ஆனா முழுசா பார்த்தாச்சுன்னு நாலு பேர் கையெழுத்து வேணும். நாலு பேரும் உட்கார்ந்துதான் பார்க்கணும். விதி."

செவ்வாய்க்கிழமை உட்கார்ந்தார்கள். கணினி சூடாகக் கூடாது என்று துரைக்கண்ணு அதன் தலையில் இரண்டு இளநீரை வைத்தார். வெட்டி ஊற்றுவதா, வெளியிலிருந்தே குளிர்ச்சி இறங்குமா என்று விவாதம் நடந்தது. ஊற்ற அரிவாளைத் தூக்கியபோது சதாசிவம் கணினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். விசிறினால் போதும் என்று தீர்மானமாயிற்று.

ஒரு மணி நேரத்தில் திரையில் கேள்வி வந்தது: இன்னும் பார்க்கிறீர்களா?

சதாசிவம் ரிமோட்டை எடுத்தார். பிச்சாண்டி கையைப் பிடித்தார். "இருய்யா! சங்கத்துக்கு வந்த கேள்விக்கு நீ எப்படித் தனியா பதில் சொல்லுவே? ஒவ்வொருத்தரா சொல்லுங்க. அருளப்பா?"

"நான் பார்க்கல. பந்தி வந்ததும் பசி எடுத்துது, கண்ணை மூடிட்டேன்."

"துரைக்கண்ணு?"

"பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். கேள்வி வந்ததிலேர்ந்து கேள்வியை இல்ல பார்க்கிறேன்?"

"நீங்க பார்த்தீங்களா தலைவரே?" என்றார் சதாசிவம், அழாத குறையாக.

"நான் உங்க மூணு பேரையும் பார்த்துக்கிட்டிருந்தேன். தலைவர் வேலை அதுதானே?"

டிவி அணைந்தது.

மறுநாள் 'விட்ட இடத்திலிருந்து தொடரவா?' என்றது மென்பொருள். "பாதிக் கோப்பைப் படிச்சதாலதான் நீ ஒருதரம் சஸ்பெண்டு ஆனே," என்று சதாசிவத்துக்கு நினைவூட்டிவிட்டு, பிச்சாண்டி முதலிலிருந்து போடச் சொன்னார். ஒரு மணி நேரம். கேள்வி. விவாதம். இருட்டு.

வியாழக்கிழமை, தூங்காமல் சிவந்த கண்களோடு சதாசிவம் எழுந்து நின்றார். "தூக்கமும் பசியும் இல்லாம பார்க்கிற ஆள் நம்மகிட்ட ஒண்ணுதாங்க இருக்கு." கணினியைக் காட்டினார். "அதுவே பார்த்து, அதுவே பதில் சொல்லட்டும். அதுக்கும் ஒரு வேலை ஆச்சு."

பிச்சாண்டி உடனே உத்தரவு எழுதினார். டிவியைக் கணினிக்கு நேராகத் திருப்பி வைத்தார்கள். கல்யாணத்தை ஓடவிட்டு, பணியில் இருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நால்வரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். சதாசிவம் ரிமோட்டைப் பத்திரமாக நாற்காலியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு மணி நேரத்தில் நாதஸ்வரம் நின்றது. சதாசிவம் பதறிப்போய் நாற்காலியில் நெளிந்தார். நாதஸ்வரம் மறுபடி கிளம்பியது.

"பதில் சொல்லிடுச்சுய்யா!" என்று துள்ளினார் துரைக்கண்ணு.

அடுத்த மணியும் அப்படியே. சதாசிவம் நெளிந்தார், கணினி பதில் சொன்னது.

பிறகு கதவுக்குப் பின்னால் ஒரு தவலை கவிழ்ந்தது. அதன்மேல், படிப்படியாக உருண்டு, அந்தச் சிரிப்பு. சதாசிவம் ஓடித் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

"திறக்காதய்யா!" என்று மூவரும் கத்தினார்கள். "அது பார்த்துக்கிட்டிருக்கு!"

அவர் கையை எடுத்துவிட்டுக் கதவில் காதை வைத்துக்கொண்டார். சிரிப்பு முடியும்வரை அசையவில்லை. கன்னம் நனைந்திருந்தது.

"எப்படிச் சிரிக்குது பாரு," என்றார் அருளப்பன் மரியாதையோடு. "முப்பது வருஷ சர்வீஸ்ல நாம ஒருத்தராவது வேலை நேரத்துல இப்படி மனசு விட்டுச் சிரிச்சிருக்கோமா?"

வெள்ளிக்கிழமை பழைய சாமான்காரர் வெறுங்கையோடு திரும்பினார். அந்தத் தையில் நடந்த சங்கத் தேர்தலில் பிச்சாண்டி ஒன்றுக்கு மூன்று என்று தோற்றுப்போனார். இப்போது கணினிதான் தலைவர்.