புளியில் ஊறிய வலம்புரி

சங்கைக் காதில் வைத்தால் கடல் கேட்கும் என்ற நம்பிக்கையை, நாட்டு நலன் கருதி, முதலில் அப்புறப்படுத்திவிடுவது நல்லது. கேட்பது கடல் அல்ல. அக்கம்பக்கத்துச் சத்தமே உள்ளே புகுந்து, சுழன்று, திரும்பி வருகிறது. வெறும் சொம்பை வைத்தாலும் அதே கடல்தான்.

மடத்தில் சீடராக இருந்த கோமதிநாயகம் இதையெல்லாம் படித்தவர். ஆனாலும் அந்தத் திங்கட்கிழமை விடியலில் மடத்துக் கிணற்றடியில் நின்று, கையிலிருந்த வலம்புரிச் சங்கைக் காதில் வைத்தார். உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல வைத்தார். அவருக்கு அத்தானின் குரல் கேட்டது.

அத்தான் ஆவுடையப்பன், அக்கா செண்பகத்தின் கணவர். சங்கு அவருடைய குடும்பச் சொத்து. கார்த்திகைச் சோமவாரத்தில் மடத்தில் சங்காபிஷேகம் நடக்கும். சங்குகளை வரிசையாக அடுக்கி, நீர் நிரப்பிப் பூசித்து, அந்த நீரால் லிங்கத்தை நீராட்டுவார்கள். நடுவில் வலம்புரி இருந்தால் விசேஷம். அதற்காக அக்கா கணவரிடம் மன்றாடி வாங்கித் தம்பியிடம் கொடுத்திருந்தாள். என் தம்பி கையில் என் கண்ணையே கொடுப்பேன் என்று மாமியார் முன்னால் வேறு சொல்லியிருந்தாள்.

கோமதிநாயகம் அதை உடைக்கவில்லை. உடைத்திருந்தால் கை தவறியது என்றாவது சொல்லலாம். அவர் அதைச் சுத்தம் செய்தார். முந்தின நாள் மாலை பித்தளை விளக்குகளைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டவர், சங்கும் பளபளக்கட்டுமே என்று அதையும் உள்ளே இறக்கிவிட்டார். பித்தளைக்குச் செய்யும் உபகாரத்தைப் புளி சங்குக்குச் செய்வதில்லை. சங்கு சுண்ணாம்பு, புளிப்பு அதைத் தின்னும். காலையில் விளக்குகள் தங்கம்போல மின்னின. சங்கு மினுமினுப்பெல்லாம் போய், வெள்ளையடிக்க வாங்கிவைத்த சுண்ணாம்புக்கட்டி மாதிரி இருந்தது. தொட்ட விரலில் மாவு ஒட்டியது.

அத்தான் திட்டினால் அவர் வாங்கிக்கொள்வார். அது அவரோடு நிற்காது என்பதுதான் பயம். பால் பொங்கி அடுப்பு அணைந்தால்கூட, யார் அடுப்படிக்கு வந்த நேரம் என்று விசாரிக்கிற குடும்பம் அது. அந்தச் சங்கு இருப்பதால்தான் வீடு நிற்கிறது என்று நம்புகிறவர்கள். இனி அங்கே ஒரு பசு சினை பிடிக்காவிட்டாலும் செண்பகத்தின் தலையில்தான் விடியும். அத்தானும் அக்காவும் முதல் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள்.

சங்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு அவர் குருவிடம் போனார்.

குரு ஞானவடிவு அம்மாள் அவரைவிட வயதில் மிகவும் இளையவர். புதிதாக வருகிறவர்கள் நரைத்த தாடியைப் பார்த்துவிட்டுக் கோமதிநாயகத்தின் காலில் விழுவதும், அவர் பதறிப்போய்க் குருவைக் காட்டுவதும் மடத்தில் வழக்கம்.

"அம்மா, இன்னொருவர் நன்மைக்காக ஒன்றை மறைத்தால் பாவமா?"

"எதை?"

"பொதுவாகக் கேட்கிறேன்."

"பொதுவாகக் கேட்கிறவர்கள் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொள்வதில்லை, ஐயா."

அவர் துண்டை விரித்தார். எல்லாவற்றையும் சொன்னார். தம் யோசனையையும் சொன்னார். சங்குக்குச் சந்தனம் சாத்துவது வழக்கம்தான்; இன்று கொஞ்சம் தடிமனாகச் சாத்திவிடுவது. பூசை முடிந்ததும் அப்படியே, அது வந்த வெள்ளிப் பேழையில் வைத்து அனுப்பிவிடுவது. பிரசாதச் சந்தனத்தை யாரும் உடனே துடைக்கமாட்டார்கள்.

குரு கடிந்துகொள்வார் என்று அவர் எதிர்பார்த்தார். குரு சந்தனக் கல்லைத் தம் பக்கம் இழுத்து, தாமே அரைக்கத் தொடங்கினார்.

இது கோமதிநாயகத்தை இன்னும் பயமுறுத்தியது.

குரு பொறுமையாக அரைத்தார். சங்கின் முதுகில், சுழியில், உதட்டோரத்தில் எல்லாம் வழித்துப் பூசினார். நடுவில் குங்குமம் வைத்தார். எட்டப் பிடித்துப் பார்த்தார். சங்கு மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

"தெரிகிறதா?"

"தெரியவில்லை, அம்மா." அவருக்கு மூச்சு வந்தது.

"எனக்கும் தெரியவில்லை. பிறகு இதைக் கழுவுவது?"

"வெள்ளிக்கிழமைதான் கழுவுவார்கள். அதற்குள் இது..."

"நாளைக் கேட்கவில்லை. ஆளைக் கேட்டேன்."

அத்தான் வீட்டுப் பூசையறையில் வெள்ளிக்கிழமைதோறும் பாலும் தண்ணீரும் விட்டு அந்தச் சங்கைக் கழுவுகிறவள் செண்பகம். மாமியார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

குரு தம் கையிலிருந்த சந்தனத்தைக் கழுவிக்கொள்ள எழுந்து போனார்.

பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஆவுடையப்பன் மடத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது, எதிரே மைத்துனர் நின்றார். கையில் சங்கு இருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பொட்டுச் சந்தனம் இல்லை.

"என்ன மாப்ளே, வாசல்லயே நிக்கிய?"

சொல்லி முடிக்கும்வரை கோமதிநாயகம் அத்தானின் முகத்தைப் பார்க்கவில்லை, அவருடைய கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கையும் சங்கையும் ஒன்றாகப் போட்டதைச் சொன்னார். பூசி மறைக்கப் பார்த்ததையும் சொன்னார்.

ஆவுடையப்பன் சங்கை வாங்கினார். துண்டால் துடைத்து, பெருவிரலால் தேய்த்தார். விரலில் ஒட்டிய வெள்ளையை வெகுநேரம் பார்த்தார்.

"செண்பகத்துக்குத் தெரியுமா?"

"தெரியாது அத்தான். அவள் கொடுத்தபோது நன்றாக இருந்தது. கெடுத்தது நான்."

பின்னால் நின்ற செண்பகம் பூக்கூடையை ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

சங்காபிஷேகம் நடந்தது. ஆவுடையப்பன் மடத்தில் சாப்பிடாமல் கிளம்பினார். அந்தத் தைப் பொங்கலுக்குக் கோமதிநாயகத்துக்கு அந்த வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் சங்கை ஆவுடையப்பனே கழுவத் தொடங்கினார்.