பலகாரத்திடம் கதிர் கொடுக்காத மரங்கொத்தி

பச்சைமலைக் காட்டில் ஒரு மரங்கொத்தியும் ஒரு பெண் குக்குறுவான் குருவியும் இருந்தன. இரண்டுக்கும் ஒரே தொழில். கூப்பிட்ட இடத்துக்குப் போய் மரத்தில் பொந்து குடைந்து கொடுக்கும். கூலி தினைக்கதிர்.

இப்படி வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஒரு கதிரை எறும்புப் புற்றில் கொடுத்து வைப்பார்கள். என்றைக்காவது அவர்கள் வேலை பிசகி, வேலை கொடுத்தவருக்கு நஷ்டம் வந்தால், எறும்புகள் புற்றிலிருந்து ஈடு கட்டும்.

குக்குறுவான் தவறாமல் கொடுத்தது. மரங்கொத்தி ஒரு கதிர்கூடக் கொடுத்ததில்லை.

“எறும்பு எனக்குப் பலகாரம்! பலகாரத்துகிட்ட போய் நான் கதிர் கொடுத்து வைக்கணுமா?” என்று சிரிக்கும்.

மனசுக்குள் மட்டும் சிரிப்பு இல்லை. கிளியும் குக்குறுவானைத்தான் கூப்பிட்டது, ஆந்தையும் குக்குறுவானைத்தான் கூப்பிட்டது. மரங்கொத்திக்கு வயிறு எரிந்தது. “அவள் அலகு என் அலகில் பாதிகூட இல்லை. அவளுக்கு வந்த வாழ்வைப் பாரு!”

ஒருநாள் குக்குறுவான் கை தவறியது. மைனாவின் பொந்துக்குச் சாரல் அடிக்கும் பக்கம் வாசல் வைத்துவிட்டது. கோடை மழையில் மைனாவின் தானியமெல்லாம் நனைந்து முளைவிட்டது.

மரங்கொத்தி கிளைக்குக் கிளை தாவியது. “தொலைஞ்சா! இனிமே அவளை யாரு கூப்பிடுவா?”

குக்குறுவான் மைனாவிடம் போய், “தப்பு என்னுதுதான் தங்கச்சி” என்றது. எறும்புகள் வரிசையாக வந்து, நனைந்த அளவுக்கு நல்ல தானியத்தை இறக்கின.

“என் தம்பிக்கும் நீங்களே குடைஞ்சு குடுங்க அக்கா!” என்றது மைனா.

மரங்கொத்திக்குப் பொறுக்கவில்லை. ‘தப்பு பண்ணினாலும் அவளுக்குத்தான் வேலையா! அவள் ஒன்று முடிப்பதற்குள் நான் மூன்று முடிக்கிறேன்!’

அவசரத்தில் அணிலுக்கு முருங்கை மரத்தில் பொந்து போட்டது. மெத்தென்று இருந்ததால் அரை நாளில் வேலை முடிந்தது.

“முருங்கை தாங்குமா அண்ணே?” என்றது அணில்.

“குடைஞ்சது யாரு? நானாக்கும்!”

ஆடிக்காற்று அடித்தது. கிளை படாரென்று முறிந்தது. அணில் குட்டிகளோடு தப்பியது. ஆனால் வீடும், மழைக்காலத்துக்குச் சேர்த்த கொட்டைகளும் கீழே ஓடிய ஓடையோடு போயின. அணில் மூன்று குட்டிகளையும் கூட்டிக்கொண்டு மரங்கொத்தியின் வாசலில் வந்து நின்றது.

“எங்களுக்கு ஒரு வழி சொல்லுங்க அண்ணே!”

மரங்கொத்தி புற்றுக்குப் பறந்தது. “எறும்பம்மா! பத்துக் கதிர் தர்றேன், என்னையும் சேர்த்துக்கோங்க! அணிலுக்கு ஈடு கட்டுங்க!”

“பலகாரம் பேசுது, கேட்டுக்கோ!” என்றது எறும்புத் தலைவி. “முறிஞ்சு விழுந்த கிளைக்கு இப்போ முட்டுக் கொடுத்து என்ன செய்ய? அடுத்த வேலையிலிருந்து கொடு.”

வேறு வழியில்லை. மரங்கொத்தி தன் சொந்தப் பொந்தையும், அதிலிருந்த கதிர் அத்தனையையும் அணிலுக்குக் கொடுத்துவிட்டு ஈரக் கிளையில் உட்கார்ந்தது. கீழே குக்குறுவான் அலகில் ஒரு கதிரோடு புற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. பார்த்த மரங்கொத்திக்கு அப்போதும் வயிறு எரிந்தது. இந்தத் தடவை பசியில்!

எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரருக்கும் ஒருநாள் கை தவறும். அடுத்தவரைப் பார்த்துப் பொருமுகிற நேரத்தில் அந்த நாளுக்கென்று ஒரு கதிர் எடுத்து வைப்பதே புத்தி.