பதினோராவது முடிச்சு

பதினொன்று இருந்தன.

செலிக் மறுபடி எண்ணினார். பதினொன்றேதான். பீப்பாய் கட்டுகிறவர், பலகையை எண்ணி எண்ணியே தலை நரைத்தவர். எண்ணிக்கையில் தவறுகிற ஆள் இல்லை. ஒளித்து வைத்தது பத்து. வைத்தவரும் அவர், தேடியவரும் அவர். வீட்டில் வேறு யாரும் கிடையாது.

மறுநாள் மாலை பஸ்கா பண்டிகை தொடங்குகிறது. எட்டு நாளைக்கு யூத வீட்டில் புளித்த மாவு ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது. வீட்டையே புரட்டிப் போட்டுக் கழுவிய பிறகும் கடைசியாக ஒரு தேடல் உண்டு. பத்துத் துண்டு ரொட்டியைத் துணியில் முடிந்து மூலைக்கொன்றாக ஒளித்து வைப்பார்கள். இருட்டியதும் மெழுகுவர்த்தி, வாத்து இறகு, மரக்கரண்டி மூன்றையும் எடுத்துக்கொண்டு தேட வேண்டும். கிடைத்ததைக் காலையில் எரிக்க வேண்டும்.

அந்த வீட்டில் ஒளித்து வைப்பது மனைவி பெய்லாவின் வேலை. அவள் இந்தப் பனிக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதனால் செலிக்கே ஒளித்தார், செலிக்கே தேடினார். பார்க்க அசட்டுத்தனமாகத்தான் இருந்தது.

அவர் போட்டவை எல்லாம் ஒற்றை முடிச்சு. பதினோராவதில் மூன்று முடிச்சு. எலிக்குப் பயந்து பெய்லா எப்போதும் மூன்றுதான் போடுவாள்.

ஒரு முடிச்சை மட்டும் அவிழ்த்து விரலை உள்ளே விட்டார். ரொட்டி மெத்தென்று இருந்தது.

பயந்துவிட்டார். அவ்வளவுதான். விடியும்வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

காலையில் மூட்டைகளை எடுத்துக்கொண்டு ஊரின் யூத மதகுரு, ரப்பி நப்தாலியின் வீட்டுக்குப் போனார். ரப்பி அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். இருந்தாலும் பன்னிரண்டு வருஷமாக செலிக் அவரிடம்தான் பாடம் கேட்கிறார். முற்றத்தில் ரப்பியின் மனைவி ஹென்யா கொதிக்கிற அண்டாவில் கரண்டிகளை முக்கி எடுத்துக்கொண்டிருந்தாள்.

“அங்கேயே நில்லுங்கண்ணா! பையை உதறிட்டு வாங்க. தாடியையும். போன வருஷம் அதுலயே அரை ரொட்டி இருந்துச்சு.”

செலிக் சிரிக்கவில்லை. கையில் இருந்ததைக் காட்டினார்.

ஹென்யா குனிந்து பார்த்தாள். “இது பெய்லா அக்கா முடிச்சாச்சே,” என்றாள். பிறகு இரண்டடி பின்னால் போய் நின்றாள்.

ரப்பி முற்றத்து நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“எங்க இருந்துச்சு?”

“உப்பு ஜாடிக்குப் பின்னால.”

“அந்த இடத்தைக் கழுவினீங்களா?”

“மூணு தரம்.”

“போன வருஷம் எத்தனை கிடைச்சது, செலிக்?”

“பத்து.”

ரப்பி நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை அவருக்கு.

“ஒன்பது,” என்றார் செலிக். “இடுப்பு வலி உயிர் போச்சு. ஒரு துண்டைப் பிச்சு ரெண்டாக்கினேன். பத்துன்னு சொல்லிட்டேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“எண்ணினீங்களான்னு கேட்டா. எண்ணினேன்னேன். சரின்னுட்டா.”

“அவ்வளவுதானா?”

“எட்டு நாளும் என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. நானா சொல்லுவேன்னு நெனச்சிருப்பா. சொல்லல. சாகக் கிடந்தப்பகூட அதே மாதிரிதான் பாத்தா. அப்பவும் சொல்லல.”

செலிக் மூன்று முடிச்சு மூட்டையை ரப்பியிடம் நீட்டினார்.

“வருஷம் ஒண்ணாச்சு ரப்பி. கல்லாப் போயிருக்கணும். இது ஏன் மெத்துன்னு இருக்கு?”

ரப்பி அதை வாங்கி உள்ளங்கையில் வைத்தார். உடனே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையை அங்கியில் துடைத்துக்கொண்டார்.

தன் வீட்டுப் பத்து மூட்டைகளையும் நெருப்பில் போட்டார். செலிக்கும் தன்னுடைய பத்தையும் போட்டார். பதினோராவது கையிலேயே இருந்தது.

கிணற்றுத் தூணின் நிழல் துவைக்கிற கல்லைத் தொடும்வரைதான் நேரம். அதற்குள் எரித்துவிட்டு, ஒரு வாசகம் சொல்ல வேண்டும். பிந்திச் சொன்னால் செல்லாது. புளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு எந்த யூதனும் பஸ்காப் பந்தியில் உட்கார முடியாது.

“உங்களுக்கு எங்க மேஜையில நாற்காலி போட்டாச்சுண்ணா,” என்றாள் ஹென்யா. “தனியா வீட்ல இருக்க வேணாம். அதைப் போட்டுட்டு வந்துடுங்க.”

“நான் சொல்றதைச் சொல்லுங்க,” என்றார் ரப்பி. “நான் பாத்த புளிப்பும் பாக்காத புளிப்பும்...”

“நான் பாத்த புளிப்பும் பாக்காத புளிப்பும்...”

“இனி என்னோடது இல்ல. மண்ணோட மண்ணு.”

செலிக் வாயை மூடிக்கொண்டார். மூட்டையைப் பிடித்திருந்தது பெய்லாவின் குழியில் மண் தள்ளிய கை. பனியில் உறைந்த மண், கட்டி கட்டியாக விழுந்தது.

“எரிச்சா அவ இனிமே வரமாட்டா, ரப்பி.”

“கேட்டதுக்கு இன்னும் உண்மையான பதில் வாங்கல அவங்க. ஒன்பதுன்னு அவங்ககிட்ட சொல்லுங்க. சொல்லிட்டுக் கையைத் திறங்க.”

“சொன்னா போயிடுவாளே.”

“சொல்லாட்டி போக முடியாதே.”

நிழல் நகர்ந்தது.

“ஏங்க,” என்றாள் ஹென்யா மெதுவாக. “கல்லைத் தொடப் போகுது.”

செலிக்கின் மூடிய கைக்குள் துணி லேசாக இறுகியது. அவர் விரலை அசைக்கவே இல்லை. உள்ளே ரொட்டிதான், வெதுவெதுப்பான இடத்தில் மூடி வைத்த மாவைப் போல, மெல்ல மெல்ல உப்பிக்கொண்டு வந்தது. விரல்களை உள்ளிருந்து தள்ளியது.

“கையைத் திறங்க, செலிக்,” என்றார் ரப்பி.

செலிக் இன்னொரு கையையும் அதன்மேல் வைத்துப் பொத்திக்கொண்டார்.